தெரிந்த மொழியைக் கற்பிக்கக் கற்றல்: இங்கிலாந்தில் ஸ்பானிஷ் ஆசிரியர் பயிற்சி

2025 ஆகஸ்டில் ஜி.சி.எஸ்.இ. தேர்வு முடிவுகள் வெளியானபோது பிரெஞ்சு தன் முதலிடத்தை இழந்திருந்தது. பதினாறு வயதில் எழுதப்படும் அந்தத் தேர்வில் ஸ்பானிஷுக்கு ஏறத்தாழ 1,36,900 பதிவுகள், பிரெஞ்சுக்கு 1,32,800. பதினெட்டு வயதினர் எழுதும் ஏ லெவலில் இந்த மாற்றம் 2019இலேயே நிகழ்ந்துவிட்டது. அவ்வாண்டு ஸ்பானிஷுக்கு 8,625 பேரும் பிரெஞ்சுக்கு 8,355 பேரும் பதிந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ‘பள்ளியில் படித்த அயல்மொழி’ என்று எந்த ஆங்கிலேயர் சொன்னாலும் அது பிரெஞ்சாகவே இருந்த நாட்டில் இது சிறிய மாற்றமல்ல.

ஆனால் இந்த எண்களை ஸ்பானிஷின் வெற்றியாக மட்டும் படித்தால் பாதிக் கதை விடுபட்டுப்போகும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி.சி.எஸ்.இ. பிரெஞ்சு எழுதியவர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம். ஸ்பானிஷ் எழுதியவர்கள் அறுபதாயிரத்தை எட்டவில்லை. 2004இல் இங்கிலாந்து அரசு, பதினான்கு வயதுக்குப் பிறகு அயல்மொழி கட்டாயமில்லை என்று விதியைத் தளர்த்தியது. பிரெஞ்சும் ஜெர்மனும் சரிந்தன. ஸ்பானிஷ் வளர்ந்தது, ஆனால் மற்ற இரண்டும் இழந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு வளரவில்லை. மொழி படிக்கும் பிள்ளைகள் மொத்தத்தில் குறைந்துவிட்ட ஒரு காலத்தில், இருப்பவர்களில் அதிகம் பேர் நாடும் மொழியாக அது ஆகியிருக்கிறது. அவர்களுக்குக் கற்பிக்க ஆசிரியர் எங்கிருந்து வருகிறார், எப்படி உருவாக்கப்படுகிறார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்பானிஷ் அறிந்திருப்பது ஒரு திறன். ஸ்பானிஷ் அறியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் இடத்திலிருந்து அம்மொழியைப் பார்ப்பது முற்றிலும் வேறொரு திறன். ஆசிரியர் பயிற்சியின் சாரம் இந்த இரண்டாவது திறனில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் பயிற்சி முறை மிகக் குறைந்த நேரத்தை ஒதுக்குவதும் அதற்குத்தான் என்று நான் கருதுகிறேன்.

முதலில் ஆள் வருவதைப் பார்ப்போம். நவீன மொழிகளுக்கு எத்தனை பயிற்சி ஆசிரியர்கள் தேவை என்று கல்வித்துறை ஆண்டுதோறும் ஓர் இலக்கு வைக்கிறது. 2022–23, 2023–24 ஆகிய இரு கல்வியாண்டுகளிலும் சேர்ந்தவர்கள் அந்த இலக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவே. பற்றாக்குறையைச் சரிசெய்ய அரசு கையில் எடுத்த கருவி உதவித்தொகை. அந்தத் தொகை ஏறி இறங்கிய விதத்தைப் பாருங்கள். 2020–21இல் மொழிப் பயிற்சி ஆசிரியருக்கு 26,000 பவுண்டு. கோவிட் காலத்தில் வேலை நிச்சயமின்மையால் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பங்கள் குவிந்ததும், அடுத்த ஆண்டே அது 10,000 ஆகச் சுருங்கியது. அதற்கடுத்த ஆண்டு 15,000. பின்பு 25,000. 2025–26இல் மீண்டும் 26,000. 2026–27க்கு 20,000. பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஆசிரியராகலாம் என்று நினைக்கத் தொடங்கும் ஒருவர், முடிக்கும்போது எவ்வளவு கிடைக்கும் என்று அறிய வழியே இல்லை. தொகை கூடும் ஆண்டில் ஆள் வருவதும் குறையும் ஆண்டில் வராமல் போவதும் இயல்பு. ஆனால் ஓர் ஆசிரியரை உருவாக்கும் சங்கிலி பதினொரு வயது வகுப்பறையில் தொடங்கி, ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல், பல்கலைக்கழகப் பட்டம் என்று பத்தாண்டுகளுக்கு மேல் நீள்வது. ஆண்டுக்கொரு முறை மாறும் தொகையால் அந்தச் சங்கிலியைச் சீராக்க முடியாது. ஏ லெவலில் எட்டாயிரம் பேர் எழுதும் பாடத்திலிருந்து எத்தனை பேர் பட்டம்வரை போவார்கள், அவர்களில் எத்தனை பேர் பள்ளிக்குத் திரும்புவார்கள் என்பது எளிய கணக்குதான். ஹல் போன்ற பல்கலைக்கழகங்கள் மொழிப் பட்டப்படிப்புகளையே நிறுத்த முடிவெடுத்தது இந்தக் கணக்கை இன்னும் இறுக்கியது.

இன்னொரு வாசல், ஸ்பெயினிலிருந்தும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வருபவர்கள். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் தடையற்ற குடியேற்றம் முடிவுக்கு வந்தது. அதுவரை மாட்ரிட்டிலோ செவிய்யாவிலோ பட்டம் முடித்த இளைஞர் விசா இன்றி வந்து பயிற்சியில் சேரலாம், வேலையும் பார்க்கலாம். அதன் பிறகு விசா, அதற்கான கட்டணம், வெளிநாட்டு மாணவருக்கான கல்விக் கட்டணம் எல்லாம் குறுக்கே வந்தன. இழப்பை உணர்ந்த அரசு 2023இல் மொழிகளுக்கும் இயற்பியலுக்கும் மட்டும் வெளிநாட்டவர்க்கும் உதவித்தொகையைத் திறந்துவிட்டது. இடம்பெயர்ந்து வருவோர்க்கு 10,000 பவுண்டு தனித் தொகையும் அறிவித்தது. தானே மூடிய கதவைப் பணம் கொடுத்துத் திறக்க வேண்டிய நிலை.

ஆக, பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏறக்குறைய மூன்று வகை. பிரிட்டனில் ஸ்பானிஷ் பட்டம் பெற்று, ஓராண்டு ஸ்பெயினிலோ கொலம்பியாவிலோ கழித்துவிட்டு வந்தவர்கள் முதல் வகை. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இரண்டாம் வகை. பிரெஞ்சை முதன்மையாகப் படித்து, ஸ்பானிஷைத் துணைமொழியாக வைத்திருப்பவர்கள் மூன்றாம் வகை. பள்ளிகள் இரண்டு மொழி கற்பிப்பவரையே விரும்புவதால் இந்த மூன்றாம் வகையினருக்கு வேலைச் சந்தையில் மதிப்பு அதிகம். மூன்று வகையினருக்கும் ஒரே படிப்பு, ஒரே ஓராண்டு. ஆனால் மூவரும் கற்க வேண்டியது வெவ்வேறு.

அந்த ஓராண்டுப் படிப்பின் பெயர் பி.ஜி.சி.இ. கூடவே ‘தகுதிபெற்ற ஆசிரியர்’ என்ற அரசு அங்கீகாரமும் கிடைக்கும். பட்டமும், ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. நான்காம் தரமும் நுழைவுத் தகுதி. பல்கலைக்கழகம் வழியாகவும் வரலாம், பள்ளிகள் கூடி நடத்தும் பயிற்சி மையங்கள் வழியாகவும் வரலாம், 2002இல் தொடங்கப்பட்ட ‘டீச் ஃபர்ஸ்ட்’ போன்ற திட்டம் வழியாகச் சம்பளத்தோடும் வரலாம். எந்த வழியில் வந்தாலும் பயிற்சியின் பெரும்பகுதி பள்ளியில்தான்: குறைந்தது 120 நாட்கள், இரண்டு பள்ளிகளிலாவது.

இந்த 120 நாட்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1987இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரு புதிய முறையைத் தொடங்கியது. பயிற்சி ஆசிரியர் ஒரே பள்ளியில் நீண்ட காலம் இருப்பார். அங்கே அவருடைய பாடத்தின் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். பல்கலைக்கழகத்தில் படித்த கருத்துகளைப் பள்ளியிலும், பள்ளியில் கண்டதைப் பல்கலைக்கழகத்திலும் சோதித்துப் பார்ப்பார். அதன் சிற்பிகளில் ஒருவரான டொனால்ட் மெக்கின்டயர் வலியுறுத்தியது, எந்தப் பக்கத்து அறிவையும் அப்படியே ஏற்காமல் மற்றதன் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதை. 1992இல் அரசு, இடைநிலைப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் 24 வாரங்கள் பள்ளியில் கழிய வேண்டும் என்று ஆணையிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் வெளி வடிவம் நாடு முழுவதும் பரவியது. ஆனால் அதன் உள்ளே இருந்த வாதமும் சோதனையும் அதே அளவில் பரவவில்லை. நாட்களை ஆணையால் கூட்டலாம். வழிகாட்டி ஆசிரியருக்குச் சிந்திக்கவும் பேசவும் நேரம் ஒதுக்குவதற்குப் பள்ளிக்குப் பணம் வேண்டும்.

பயிற்சி ஆசிரியர் வெறுங்கையோடு வருவதில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்டி 1975இல் வெளியிட்ட நூலில், ஒருவர் ஆசிரியராவதற்கு முன்பே மாணவராக ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று கணக்கிட்டார். அந்தப் பார்வையே ஒரு பயிற்சி. ஆனால் ஒரு பக்கப் பயிற்சி. ஆசிரியர் என்ன செய்தார் என்பது தெரியும், ஏன் செய்தார் என்பது தெரியாது. மொழி ஆசிரியர்களிடம் இதன் விளைவு மிகத் தெளிவாகத் தெரியும். பயிற்சிக்கு வருபவர் பள்ளியில் மொழியில் வென்றவர். வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்வது அவருக்குப் பிடித்திருந்திருக்கும். தன் வகுப்பில் இருந்த, மொழி வராமல் பதினான்கு வயதில் விலகிவிட்ட முப்பது பேரை அவர் கவனித்திருக்க மாட்டார். இப்போது அவர் முன் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த முப்பது பேர்தான்.

1986இல் லீ ஷுல்மன் எழுதிய கட்டுரையொன்று இந்த இடைவெளிக்கு ஒரு பெயர் தந்தது. பாட அறிவு ஒன்று, கற்பித்தல் முறை பற்றிய பொது அறிவு ஒன்று. இவை இரண்டையும் தவிர, இந்தக் குறிப்பிட்ட பாடத்தை இந்தக் குறிப்பிட்ட மாணவருக்கு விளங்கும்படி மாற்றித் தரும் அறிவு என்று மூன்றாவது ஒன்று உண்டு என்றார் அவர். எந்த உதாரணம் விளங்கவைக்கும், எந்த இடத்தில் மாணவர் வழக்கமாகத் தடுமாறுவார், அந்தத் தடுமாற்றத்துக்கு அடியில் என்ன எண்ணம் இருக்கிறது என்பதெல்லாம் அந்த மூன்றாவது அறிவில் அடங்கும்.

ஸ்பானிஷிலிருந்தே ஓர் உதாரணம். ‘இரு’ என்ற பொருளுக்கு அம்மொழியில் இரண்டு வினைகள்: ‘செர்’, ‘எஸ்தார்’. ஆங்கிலம் வழியே கற்றவர்கள் பெரும்பாலோர் பள்ளியில் கேட்டது ஒரே விதி: நிலையானதற்குச் செர், தற்காலிகமானதற்கு எஸ்தார். நான் உயரமானவன் என்பதற்குச் செர்; நான் களைத்திருக்கிறேன் என்பதற்கு எஸ்தார். விதி அழகாக வேலை செய்வதுபோல் தோன்றும். மாட்ரிட் ஸ்பெயினில் இருக்கிறது என்று சொல்லவேண்டி வரும்; நகரம் எங்கும் போய்விடப் போவதில்லை, ஆனாலும் எஸ்தார். ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லவேண்டி வரும். அதைவிட நிலையானது எதுவுமில்லை, அதற்கும் எஸ்தார்தான். கூர்மையான மாணவி ஒருத்தி கையைத் தூக்கி இதைக் கேட்கும் நாளில் பயிற்சி ஆசிரியரின் விதி சரிந்துவிடும். தாய்மொழியாகப் பேசுபவருக்கு நிலைமை இன்னும் கடினம். அவர் அந்த விதியைக் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு வினைகளையும் ஒருபோதும் தவறாமல் பயன்படுத்துவார், ஏன் என்று சொல்ல அவரால் முடியாது. தவறாமல் வருவதாலேயே அதைப் பற்றி யோசிக்க அவருக்கு அவசியம் வந்ததில்லை. எஸ்தார் என்பது ஒரு நிலையை, ஒரு மாற்றத்தின் விளைவைக் காட்டுவது, இடத்தைக் காட்டுவது என்ற விளக்கம் இன்னும் நீடித்து நிற்கும். ஆனால் அதைப் பதினோரு வயதில் சொல்வதா, முதலில் இருபது வாக்கியங்களைப் பழக்கிவிட்டுப் பிறகு சொல்வதா என்பது தனி முடிவு. ஷுல்மன் சொன்ன மூன்றாவது அறிவு இங்கேதான் வேலை செய்கிறது.

இன்னொரு தடுமாற்றம் தமிழருக்குச் சட்டென்று புரியக்கூடியது. ‘எனக்கு இசை பிடிக்கும்’ என்று நாம் சொல்லும்போது ‘நான்’ எழுவாயாக வருவதில்லை. ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. ஸ்பானிஷின் ‘மே குஸ்தா’ இதே அமைப்பு. ஆங்கிலத்தில் எழுவாய் ‘நான்’, வினை ‘விரும்புகிறேன்’. ஆகவே ஆங்கிலப் பிள்ளை ‘நான்’ என்பதற்கான சொல்லை முதலில் வைக்கத் துடிக்கும். பிடித்த பொருள் ஒன்றா பலவா என்பதைப் பொறுத்து வினை மாறும்போது குழம்பும். இங்கிலாந்துப் பாடநூல்கள் முதல் சில வாரங்களிலேயே பிடிக்கும், பிடிக்காது என்று பேசவைப்பதால், மொழியின் மிகச் சிக்கலான அமைப்புகளில் ஒன்றைப் பிள்ளைகள் தொடக்கத்திலேயே சந்திக்கிறார்கள். அனுபவமுள்ள ஆசிரியர் அதை உடைத்து விளக்காமல் ஒரே துண்டாகப் பழக்கிவிட்டு, இலக்கணத்தைப் பின்னால் திறப்பார். அனுபவமற்றவர் முதல் நாளே வேற்றுமையை விளக்கத் தொடங்கி வகுப்பை இழப்பார்.

வினை விகுதிகளும் இப்படித்தான். ஸ்பானிஷில், தமிழில் உள்ளதுபோலவே, வினையின் ஈறே யார் என்று சொல்லிவிடும், எழுவாய் தேவையில்லை. ஆங்கிலம் பேசுபவரின் காது ஈற்றைக் கேட்கப் பழகியதல்ல. அமெரிக்க ஆய்வாளர் பில் வான்பேட்டன் 1990களில் காட்டிய ஒன்று இங்கே முக்கியம். ‘நேற்று’ போன்ற ஒரு சொல் வாக்கியத்தில் இருந்தால், கற்பவர் காலத்தை அந்தச் சொல்லிலிருந்தே எடுத்துக்கொள்கிறார். விகுதி காதில் விழுந்தும் பதிவதில்லை. அதனால் விகுதியைக் கேட்டாலொழியப் பொருள் கிடைக்காதபடி பயிற்சிகளை அமைக்க வேண்டும் என்றார் அவர். ‘நேற்று’ என்ற சொல்லை நீக்கிவிட்டு, கேட்டது இன்றா நேற்றா என்று பிள்ளையைத் தீர்மானிக்கச் செய்வது ஓர் எளிய பயிற்சி. ‘ஆப்லோ’ என்பதில் முதல் அசையை அழுத்தினால் ‘பேசுகிறேன்’. கடைசி அசையை அழுத்தினால் ‘அவர் பேசினார்’. அழுத்தம் ஒன்று மாறினால் ஆளும் காலமும் மாறிவிடும். இதைக் கேட்டுப் பிரித்தறியப் பிள்ளைக்குப் பல வாரங்கள் வேண்டும். சரளமாகப் பேசும் ஆசிரியர் இதை ஒரு நொடியில் கடந்து போய்விடுகிறார்.

2024இல் கற்பித்தல் தொடங்கி 2026இல் முதல் தேர்வு நடக்கும்படி அமைந்த புதிய ஜி.சி.எஸ்.இ., ஒலிக்கும் எழுத்துக்குமான உறவைத் தேர்விலேயே வைத்தது: உரக்க வாசிப்பதும் சொல்வதெழுதுவதும் இப்போது மதிப்பெண்ணுக்கு உரியவை. ஸ்பானிஷ் எழுத்து எளிது, எழுதியதை அப்படியே வாசிக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. வாசிக்கும்போது அது உண்மை. எழுதும்போது அவ்வளவு உண்மையல்ல. பி, வி இரண்டும் ஒரே ஒலி. எச் ஒலிப்பதே இல்லை. ஜி, ஜே இரண்டும் சில உயிர்களுக்கு முன்னால் ஒரே ஒலி. லத்தீன் அமெரிக்காவில் சி, எஸ், இசட் மூன்றும் ஒன்றாகிவிடும் இடங்கள் உண்டு. மாட்ரிட்டில் எஸ் மட்டும் தனித்து நிற்கும். லிமாவிலிருந்து வந்த பயிற்சி ஆசிரியர் தன் இயல்பான ஒலிப்பை வைத்துக்கொள்வதா, பாடநூலின் ஒலிப்பதிவில் வரும் ஸ்பெயின் ஒலிப்புக்கு மாறுவதா? ஸ்பெயினில் நண்பர்கள் பலரை விளிக்கும் ‘வொசோத்ரோஸ்’ அவர் ஊரில் யாரும் பேச்சில் பயன்படுத்தாத சொல். அதை அவர் தன் வகுப்பில் கற்பித்தாக வேண்டும். தன் மொழியை மறைக்கச் சொல்லும் வழிகாட்டியும் இருக்கிறார். இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டு, மொழி பெரிய நிலப்பரப்பில் வாழ்கிறது என்று தெரியட்டும் என்று சொல்பவரும் இருக்கிறார். இரண்டாமவரே சரி என்பது என் எண்ணம். ஆனால் அதை எந்த வகுப்பில், எந்த அளவில் என்று காட்டித்தர அவர் அருகில் இருந்தாக வேண்டும்.

வகுப்பில் எந்த மொழியில் பேசுவது என்ற கேள்வி பயிற்சி ஆசிரியரை முதல் நாளிலிருந்து வாட்டுவது. 1990களில் தேசியப் பாடத்திட்டமும் ஆய்வாளர்களும் கற்பிக்கும் மொழியிலேயே வகுப்பை நடத்தச் சொல்லி வலியுறுத்தினார்கள். ஆங்கிலம் ஒரு வார்த்தை வந்தாலும் குற்ற உணர்ச்சி கொள்ளும் தலைமுறை ஒன்று உருவானது. எர்னெஸ்டோ மக்காரோ 2001இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு பயிற்சி ஆசிரியர்களின் வகுப்புகளைப் பதிவுசெய்து, அவர்கள் எங்கே ஆங்கிலத்துக்கு மாறினார்கள், ஏன் மாறினார்கள் என்று அவர்களையே கேட்டார். ஆங்கிலம் அவர்கள் வகுப்புகளில் குறைவாகவே இருந்தது. அதைவிட முக்கியம், முடிவுகளுக்குப் பின்னால் இருந்த காரணங்கள்: சிலர் கொள்கைக்குக் கட்டுப்பட்டு, சிலர் தம் அனுபவத்தை நம்பி, சிலர் இரண்டுக்கும் இடையில் தத்தளித்து. தாய்மொழியை அறவே விலக்குவது, தவிர்க்க முடியாமல் சேர்ப்பது, பயனறிந்து சேர்ப்பது என்று ஆசிரியர்களின் நிலைப்பாடுகளை மக்காரோ மூன்றாகப் பிரித்திருந்தார். மூன்றாவது நிலைக்கு ஒருவர் சட்டம் படித்து வர முடியாது. எந்த இடத்தில் ஒரு வரி ஆங்கிலம் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும், எந்த இடத்தில் அது பிள்ளையைச் சோம்பலாக்கும் என்று வகுப்புக்கு வகுப்பு உணரவேண்டும்.

இவற்றையெல்லாம் யார் கற்றுத் தருவது? பல்கலைக்கழகத்தில் மொழிக் கற்பித்தல் பேராசிரியர்; பள்ளியில் ஸ்பானிஷ் கற்பிக்கும் வழிகாட்டி ஆசிரியர். பயிற்சி ஆசிரியர் ஒரு வகுப்பை எடுத்து முடித்த அன்று மாலையில், ‘அந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் ஏன் தவறாகச் சொன்னார்கள் என்று நினைக்கிறாய்?’ என்று கேட்கும் ஒருவர் இருந்தால், அந்தக் கேள்வி ஒன்றே நான் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் வாசல். இப்போதைய விதிப்படி வழிகாட்டலுக்கு ஒதுக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம் வாரத்துக்கு ஒன்றரை மணி. அதற்குள் வருகைப் பதிவு, சான்றுக் கோப்பு, வகுப்பு ஒழுங்கு, மன உளைச்சல் எல்லாம் அடங்கியாக வேண்டும். மொழிக்குக் கிடைப்பது மிச்சம். மொழி ஆசிரியர் பற்றாக்குறையின் கொடிய வட்டம் இங்கே மூடுகிறது: ஆள் குறைந்த துறையில் இருப்பவர்கள் அதிக வகுப்பு எடுக்கிறார்கள்; அதிக வகுப்பு எடுப்பவர்கள் வழிகாட்ட முன்வருவதில்லை; வழிகாட்டி இல்லாத பள்ளி பயிற்சி ஆசிரியரை ஏற்காது.

இதற்கிடையில் பயிற்சியின் உள்ளடக்கம் பொதுமையை நோக்கி நகர்ந்தது. 2019இல் அரசு வெளியிட்ட அடிப்படைப் பயிற்சிச் சட்டகம் எல்லாப் பாடங்களுக்கும் ஒன்றாகவே இருந்தது. நினைவாற்றல், மீள்நினைவுப் பயிற்சி, சிறு படிகளில் விளக்குதல் போன்ற அறிவாற்றல் உளவியல் கருத்துகள் அதன் முதுகெலும்பு. பயிற்சி நிறுவனங்கள் அனைத்தும் அந்தச் சட்டகத்தின்கீழ் மறு அங்கீகாரம் பெறவேண்டியதாயிற்று. இரண்டு சுற்றுகளில் 179 நிறுவனங்கள் தேறின. கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் இந்தத் திட்டத்தின்கீழ் பயிற்சியைத் தொடர முடியுமா என்று 2021இல் வெளிப்படையாகவே கவலை தெரிவித்தன. அந்தக் கருத்துகள் தவறானவை என்று நான் சொல்லவில்லை; சொற்களை இடைவெளி விட்டுத் திரும்ப நினைவூட்டுவது மொழிக்கு மிகவும் பொருந்தும். ஆனால் வேதியியலுக்கும் ஸ்பானிஷுக்கும் ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய அறிவு, பிள்ளை ‘மே குஸ்தா’வில் தடுமாறும்போது கைகொடுக்காது.

மொழிக்கே உரிய வழிகாட்டல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2016இல் இயன் பாக்கம் தலைமையில் வெளியான மொழிக் கற்பித்தல் ஆய்வறிக்கை, ஒலி, சொல், இலக்கணம் என்ற மூன்றையும் திட்டமிட்டு வரிசையாகக் கற்பிக்கச் சொன்னது. 2018இல் யார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டு, எம்மா மார்ஸ்டன், ரேச்சல் ஹாக்ஸ் இருவரும் வழிநடத்திய மொழிக் கற்பித்தலுக்கான தேசிய மையம், அந்த வரிசைக்கான பாடங்களை முழுமையாக உருவாக்கி இலவசமாகத் தந்தது. மேலே சொன்ன புதிய ஜி.சி.எஸ்.இ.யும் அதே சிந்தனையில் வந்தது: அடிப்படை நிலைக்கு 1,200 சொற்கள், உயர்நிலைக்கு 1,700, அவற்றில் குறைந்தது 85 சதவீதம், மொழியில் அதிகம் புழங்கும் முதல் 2,000 சொற்களிலிருந்து. பல ஆசிரியர் அமைப்புகள் இதை எதிர்த்தன; பிள்ளைகள் பேச விரும்பும் விஷயங்களைச் சொற்பட்டியல் தீர்மானித்துவிடும் என்பது அவர்கள் அச்சம். மறுபுறம் ஜியான்ஃபிராங்கோ கான்ட்டி, ஸ்டீவ் ஸ்மித் இருவரும் எழுதிய நூல்கள், தனிச்சொல்லை விடுத்து வாக்கியத் துண்டுகளைக் கேட்கவும் வாசிக்கவும் நிறையக் கொடுத்து, பிறகு உற்பத்தி செய்யவைக்கும் முறையைப் பரப்பின. அந்தத் துண்டுகளை அடுக்கித் தரும் வாக்கிய அட்டவணை இல்லாத ஸ்பானிஷ் வகுப்பை இன்று காண்பது அரிது.

பயிற்சி ஆசிரியரின் முதல் பள்ளி ஒரு முறையைப் பின்பற்றும், இரண்டாவது பள்ளி அதற்கு எதிரானதை. இரண்டிலும் ஆயத்தப் பாடக்கோப்புகள் கையில் தரப்படும். பணிச்சுமை குறைகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு பாடத்தை வெறும் தாளிலிருந்து கட்டும் வேதனையில்தான், எந்த வாக்கியம் முதலில், எது பிறகு, ஏன் என்ற கேள்விகள் எழுகின்றன. மற்றவர் கட்டிய பாடத்தை நடத்தும் பயிற்சி ஆசிரியருக்கு அந்தக் கேள்வி எழாமலேயே ஆண்டு முடிந்துவிடக்கூடும். பயிற்சிக் காலத்தில் வாரத்துக்கு ஒரு பாடத்தையாவது அவரே முழுக்கக் கட்ட வேண்டும், அதை வழிகாட்டியோடு வரி வரியாகப் பேச வேண்டும் என்பதைத் தவிர்க்க முடியாத விதியாக வைப்பேன்.

இங்கிலாந்தின் பள்ளிப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி புழங்குகிறது. பயிற்சியில் இவர்கள் பெரும்பாலும் ‘ஆங்கிலத்தில் கூடுதல் உதவி தேவைப்படுவோர்’ என்ற தலைப்பின்கீழ் வருகிறார்கள். ஸ்பானிஷ் வகுப்பில் இந்தப் பார்வை தலைகீழாக வேண்டும். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு, எழுவாய் இல்லாமல் வினை நிற்பதும் ‘எனக்கு’ என்று தொடங்கி விருப்பத்தைச் சொல்வதும் வீட்டுப் பழக்கம். போலிஷ் பேசும் பிள்ளைக்குப் பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்பப் பெயரடை மாறுவது புதிதல்ல. போர்த்துக்கீசியம் பேசும் பிள்ளை ஸ்பானிஷின் பெரும்பகுதியை ஏற்கெனவே புரிந்துகொள்ளும். அதற்கு வேண்டியது வேறு வகைச் சவால். வகுப்பில் எந்த மொழிகள் இருக்கின்றன என்று முதல் வாரத்தில் கேட்டறியும் பயிற்சி ஆசிரியர், ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளைகளின் தடுமாற்றத்தையும் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்வார். தடுமாற்றம் அறிவுக் குறைவால் வருவதில்லை, தாய்மொழியின் பழக்கத்தால் வருகிறது என்று அவர் கண்ணாரப் பார்க்கலாம்.

ஓராண்டு முடிந்து வேலை கிடைத்தபின் இரண்டாண்டு தொடக்கப் பணிக்காலம். 2021இல் வந்த இந்த ஏற்பாட்டில் முதலாண்டு வகுப்புச் சுமையில் 10 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 5 சதவீதமும் குறைக்கப்படுகின்றன. வழிகாட்டி ஒருவரும் உண்டு. ஆனால் அந்த வழிகாட்டி அதே பாடத்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சிறிய பள்ளியில் புவியியல் ஆசிரியர் ஸ்பானிஷ் ஆசிரியரின் வகுப்பைப் பார்வையிட்டுக் கருத்துச் சொல்வார். ஒழுங்கு பற்றியும் நேரம் பற்றியும் நல்ல கருத்தாகவே அது இருக்கும். மொழியைப் பற்றி அவரால் எதுவும் சொல்ல முடியாது. அதே காலத்தில் புதிய ஆசிரியரிடம் பள்ளி அனேகமாகக் கேட்பது, கீழ் வகுப்புகளுக்குப் பிரெஞ்சும் எடுக்க முடியுமா என்பதை. மலகாவிலிருந்து வந்து, பிரெஞ்சை இணையவழித் துரித வகுப்பில் கற்ற ஒருவர், தன் மாணவர்களைவிடச் சில அத்தியாயங்கள் மட்டுமே முன்னால் இருந்தபடி அதைக் கற்பிப்பார். விந்தை என்னவென்றால், அந்தப் பிரெஞ்சு வகுப்பில் அவர் சில வேளை நன்றாகக் கற்பிக்கிறார். எது கடினம் என்று அவருக்கு நேற்றுத்தான் தெரிந்திருக்கிறது. ஸ்பானிஷில் அவருக்கு ஒருபோதும் இல்லாத அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு தன் தாய்மொழியைத் திரும்பிப் பார்க்க, பாடம் அறிந்த வழிகாட்டி ஒருவர் இந்த இரண்டாண்டுகளில் அவருடன் இருக்க வேண்டும். உதவித்தொகையில் ஆண்டுக்காண்டு கூட்டிக் குறைக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மொழி வழிகாட்டிகளின் வாராந்திர வகுப்புகளில் சிலவற்றை விடுவிக்கப் பள்ளிகளுக்குக் கொடுத்தால் அது நடக்கும்.